வெங்காய ரகத்துக்கு உரிமை: வயலில் நடக்கும் சோதனை

புதிதாக உருவாக்கிய வெங்காய ரகத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கிடைக்காது. செடி, விதை, ரகம் ஆகியவற்றைக் காப்புரிமைச் சட்டம் ஏற்பதில்லை. அவற்றுக்கெனத் தனியாக இயற்றப்பட்டதுதான் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இதை நடைமுறைப்படுத்தும் ஆணையம் 2005 முதல் புது தில்லியில் இயங்குகிறது.

புதிய ரகம் நான்கு தேர்வுகளைத் தாண்ட வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே அது இந்தியச் சந்தையில் விற்கப்பட்டிருக்கக் கூடாது. இதை ஆவணங்களிலேயே சரிபார்த்துவிடலாம். மற்ற மூன்றும், அதாவது தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை ஆகியவை, வயலில்தான் தெரியவரும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இந்தச் சோதனையை நடத்தும் முதன்மை மையம், புனே மாவட்டம் ராஜ்குருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிறுவனம்.

அங்கே புதிய ரகத்தை, அதற்கு மிக நெருங்கிய பழைய ரகங்களின் பக்கத்திலேயே நடுகிறார்கள். தாளின் நிறம், மெழுகுப் பூச்சு, காயின் வடிவம், தோலின் நிறம், முதிரும் காலம், உலர்பொருளின் அளவு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார்கள். விளைச்சல் கூடுதலா என்பது இங்கே கேள்வியே அல்ல. வேறுபாடு தெளிவாகத் தெரிகிறதா என்பதே கேள்வி.

வெங்காயத்தில் சிக்கல் சீர்மையில்தான். தேனீக்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டு செல்வதால் அயல் கலப்பு இயல்பாகவே நடக்கிறது. எல்லாச் செடியும் அச்சில் வார்த்ததுபோல் இராது. எனவே ஏற்கெனவே உள்ள ரகங்களில் காணப்படும் வேறுபாட்டை அளவாக வைத்துக்கொண்டு, புதியது அதை மீறுகிறதா என்று பார்க்கிறார்கள். பூண்டின் கதை நேர்மாறானது. சாகுபடிப் பூண்டு பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை, பல்லை நட்டே பெருக்கப்படுகிறது. அதனால் சீர்மைக்குக் குறைவில்லை, தனித்தன்மையை நிறுவுவதுதான் கடினம். இடம், குளிர், பகல் நீளம் ஆகியவை மாறினால் ஒரே ரகத்தின் குமிழ் அளவும் பல் எண்ணிக்கையும் மாறிவிடும். பல் வழியே தொற்றிவரும் வைரஸ் நோய்களும் தோற்றத்தைக் கெடுக்கும். ஒரே பருவத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

சோதனைக்குப் பின் விவரங்கள் ஆணையத்தின் இதழில் வெளியாகும். மூன்று மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவான ரகத்துக்கு முதலில் 6 ஆண்டுகளும், புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அக்காலத்தில் அந்த ரகத்தின் விதையை உற்பத்தி செய்து விற்கும் உரிமை பதிவுதாரருடையது.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் பெற்ற புவிசார் குறியீட்டை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஊர்ப் பெயருக்கான பாதுகாப்பு, ரகத்துக்கானது அல்ல.

பயிர் ரகங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் சிறப்பு அதன் 39-ஆவது பிரிவு. பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மீண்டும் விதைக்கலாம், பிறரோடு பகிரலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயர் பொறித்த விதையாக விற்பதற்கு மட்டுமே தடை. தலைமுறைகளாகக் காத்துவரும் நாட்டு ரகத்தை உழவர் தம் பெயரிலேயே பதிவு செய்யவும் முடியும். அதற்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும் சின்ன வெங்காயமோ மலைப்பூண்டோ வைத்திருக்கும் உழவர்கள் இந்த வாய்ப்பைத் தவறாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.