தாக்குதலுக்கு முன்பே அரசு விழிக்காதது ஏன்? 26/11 பாடமும் காசிமேடு கடலோரமும்

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ‘சாகர் கவாச்’ ஒத்திகை நடக்கும் நாட்களில் கடலுக்குள் சோதனை, அடையாள அட்டை, படகுப் பதிவு எல்லாம் செக் பண்ணுவாங்க. இந்தக் கெடுபிடிக்குக் காரணம், 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல். கடல் வழியாக ஆபத்து வரும்னு அதற்கு முன் அரசுக்குத் தெரியாதா?

தெரியும் என்பதுதான் பதில்.

முன்பே எச்சரிக்கை இருந்ததா?

1993 மும்பை குண்டுவெடிப்புக்கான ஆர்டிஎக்ஸ் கடல் வழியாகத்தான் வந்தது. கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட அமைச்சர்கள் குழு, கடலோரப் பாதுகாப்பில் உள்ள ஓட்டைகளை 2001-ல் சுட்டிக்காட்டியது. 2005-ல் 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 படகுகளுக்குத் திட்டம் வந்தது. ஆனால், 2008 வரை பல இடங்களில் அது முழுசா நடைமுறைக்கு வரவில்லை.

அப்புறம் ஏன் கோட்டை விட்டாங்க?

பொதுவாக அரசின் முன்னுரிமையைத் தீர்மானிப்பது கடைசியாக நடந்த தாக்குதல்தான். 2008-ல் ஜெய்ப்பூர், அகமதாபாத், டெல்லி என வரிசையாகக் குண்டுவெடிப்புகள். கவனம் முழுக்க மார்க்கெட், பஸ் நிலையங்கள் மீது இருந்தது. கடல் பின்னுக்குப் போனது.

இன்னொரு சிக்கல், பொறுப்பு யாருக்கு என்பது. கரையில் இருந்து 12 கடல் மைல் வரை மாநில போலீஸ், அதைத் தாண்டினால் கடலோரக் காவல்படை, அப்புறம் கடற்படை. மூணு பேருக்கும் பொதுவான வேலை, யாருக்கும் முதல் வேலையாக இல்லை.

166 உயிர்கள் போன பிறகு என்ன மாறியது?

உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார், ப.சிதம்பரம் வந்தார். சில வாரங்களிலேயே என்ஐஏ சட்டம் நிறைவேறியது. 2009-ல் கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்குப் போனது. அதே ஆண்டில் சென்னைக்கு என்எஸ்ஜி மையமும் வந்தது. முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை 12 கடலோரக் காவல் நிலையங்கள், 2011-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 30.

காசிமேட்டுக்கு இதில் என்ன?

தீவிரவாதிகள் 10 பேரும் வந்தது, நடுக்கடலில் கடத்தப்பட்ட ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகில். அதில் இருந்த 5 மீனவர்களும் கொல்லப்பட்டனர். கொலாபாவில் கரையேறியவர்களைப் பார்த்து ‘யார் நீங்க?’ என்று முதலில் கேட்டதும் மீனவர்கள்தான்.

அதனால், அட்டையைச் சோதிப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. மீனவர் சொல்லும் தகவலுக்கு உடனே ஆள் வரணும். ரோந்துப் படகு ஓடுதா, டீசல் இருக்கா என்பதை எதுவும் நடக்காத வருஷங்களில்தான் கேட்கணும்.

கடலில் சந்தேகத்துக்குரிய படகையோ ஆட்களையோ பார்த்தால், தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லலாம்.