ஃப்ளாஷை கேமரா தலையிலிருந்து இறக்குங்க!

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் முகூர்த்த நாளில் கல்யாணப் படம் எடுக்கப் போறீங்களா? ஃப்ளாஷை கேமரா மேலேயே மாட்டி நேராக அடித்தால் மணப்பெண் முகத்தில் வியர்வைதான் மின்னும். பின்சுவரில் கரிய நிழல் விழும்.

இதற்கு ஸ்டுடியோ லைட் தேவையில்லை. கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒரு மேனுவல் ஃப்ளாஷ், அதற்கான ட்ரிகர், ஸ்டாண்ட், வெள்ளைக் குடை போதும். விலை கூடிய ஆட்டோ ஃப்ளாஷ் எதுக்கு? மேடையில் மணமக்கள் ஒரே இடத்தில்தானே நிற்கிறாங்க!

குடையை 45 டிகிரி பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே வையுங்க. பவரை 1/8-ல் தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பல கேமராக்களில் ஷட்டர் 1/200 நொடியைத் தாண்டினால் படத்தில் ஒரு பட்டை கருப்பாகிவிடும்.

தூரம்தான் முக்கியம். அது இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். குரூப் போட்டோவுக்குக் குடையைக் கிட்டே வைத்தால், மறுகோடியில் நிற்கும் தாய்மாமன் இருட்டில் போய்விடுவார். தள்ளி வைத்து, பவரைக் கூட்டுங்க.

அப்பா காலத்து ஃப்ளாஷ் பீரோவில் கிடக்குதா? டிஜிட்டல் கேமராவில் மாட்டிடாதீங்க. ஃபிலிம் கால ஃப்ளாஷ் சிலவற்றில் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். கேமரா சர்க்யூட்டே போய்விடலாம். மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்க்கிறது நல்லது.

ஸ்டாண்ட் காலில் மணல் பை ஒன்று கட்டுங்க. மண்டபத்தில் பிள்ளைகள் ஓடும்.