மிளகின் காரமும் மனித உடலும்

‘பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்’ என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. பகைவன் உணவில் நஞ்சைக் கலந்திருந்தாலும் மிளகு அதனை முறித்துவிடும் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. மிளகு எல்லா நஞ்சையும் முறிக்கும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆயினும், உண்ணும் பொருள்களை உடல் கையாளும் முறையை அது மாற்றக்கூடியது என்பது உண்மை. இதற்குக் காரணம் மிளகிலுள்ள ‘பைப்பரின்’ என்னும் வேதிப்பொருளாகும்.

மிளகுக் கொடியின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. இன்று மலேசியாவில் விளையும் மிளகில் பெரும்பகுதி சரவாக் மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. முற்றிய பச்சைக் காய்களை வெயிலில் உலர்த்தினால் கருமிளகு கிடைக்கும். பழுத்த காய்களை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு கிடைக்கும். மிளகின் மணத்திற்குக் காரணமான எண்ணெய்கள் பெரும்பாலும் தோற்பகுதியில் உள்ளன; பைப்பரினோ உள்ளிருக்கும் பருப்பில் மிகுதியாக உள்ளது. ஆகவேதான் வெண்மிளகில் மணம் குறைந்தாலும் காரம் குறைவதில்லை. மிளகின் எடையில் ஏறக்குறைய 5 முதல் 9 விழுக்காடு பைப்பரின் ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த அறிவியலாளர் ஆன்ஸ் கிறித்தியான் எர்ஸ்டெட் 1819ஆம் ஆண்டில் இதனை மிளகிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

காரம் என்பது உண்மையில் ஒரு சுவையன்று. அஃது ஓர் எரிச்சல் உணர்வு. நாவிலும் வாயிலும் உள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. பைப்பரின் அதனைத் தூண்டுவதால், சூடான பொருள் பட்டதைப் போன்ற செய்தி மூளைக்குச் செல்கிறது. மிளகாயின் காரமும் இதே புரதத்தைத்தான் தூண்டுகிறது. மிளகு ரசம் அருந்தும்போது உமிழ்நீர் சுரப்பதும் மூக்கில் நீர் வடிவதும் இந்தத் தூண்டலின் விளைவுகளே. இதனால் மூக்கடைப்புச் சற்றுத் தளர்ந்ததைப் போலத் தோன்றலாம். ஆனால், சளிக்குக் காரணமான கிருமிகள் அழிந்துவிடுவதில்லை.

பைப்பரினின் மற்றொரு செயல் இதனினும் முக்கியமானது. நாம் உட்கொள்ளும் உணவிலும் மருந்திலும் உள்ள பல பொருள்களை உடல் அப்படியே இரத்தத்தில் சேரவிடுவதில்லை. குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அவற்றை மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. இந்நொதிகள் வாயிற்காவலரைப் போன்றவை. பைப்பரின் இவற்றுள் சிலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால், வெளியேற வேண்டிய பொருள் கூடுதலாக இரத்தத்தில் கலக்கிறது.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதனைத் தனியே உண்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேரும். 1998ஆம் ஆண்டு பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துத் தரப்பட்டபோது, இரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய 20 மடங்கு உயர்ந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின் அரை கிராமுக்கும் குறைவான மிளகிலேயே உள்ளது.

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம் பல மரபு மருந்துகளில் இடம்பெறுகிறது. திப்பிலியிலும் பைப்பரின் உண்டு. இக்கலவை ஏன் இத்தனை மருந்துகளில் சேர்க்கப்படுகிறது என்ற கேள்வி இந்தியாவின் ஜம்மு நகர அறிவியலாளர்களை ஆய்வில் ஈடுபடுத்தியது. அதன் பயனாக, ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துடன் பைப்பரின் சேர்த்த மாத்திரை உருவானது. வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினே இதில் உள்ளது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது.

ஆயினும், காவலர் அயர்ந்திருக்கும் வாயில் வழியே நன்மை மட்டும் நுழைவதில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிட்டோயின், இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் புரொப்பிரனலோல், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் ஆகியவற்றின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் உயர்த்துவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மருத்துவர் கணித்துக் கொடுத்த அளவு, நோயாளி அறியாமலேயே மிகையாகிவிடலாம், பக்கவிளைவுகளும் தோன்றலாம்.

பொங்கலிலும் ரசத்திலும் சேரும் மிளகைக் கண்டு பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றுப் புண் உடையவர்கள் மட்டும் எரிச்சல் ஏற்பட்டால் குறைத்துக்கொள்வது நலம். கவனம் தேவைப்படுவது, பைப்பரினைப் பிரித்தெடுத்துச் செறிவாக அடைத்து விற்கப்படும் மாத்திரைகளில்தான். மஞ்சள் மாத்திரைகள் பலவற்றிலும் இது சேர்க்கப்படுகிறது. ‘இயற்கையானது’ என்ற சொல்லை மட்டும் நம்பி அவற்றை வாங்குவது அறிவுடைமையாகாது. நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் முதியோர் வாழும் இல்லங்களில், இத்தகைய மாத்திரையைத் தொடங்கும் முன்னரே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ தெரிவிப்பது இன்றியமையாதது.