பாய்மரக் கலமும் கயிற்றுச் சொற்களும்

ஒரு தொழிலின் நுட்பம் அத்தொழிலுக்குரிய சொற்களில் உறைகின்றது. பாய்மரக் கலத்தில் இவ்வுண்மை நன்கு புலனாகும். கரையில் நிற்பார்க்குக் 'கயிறு' என்னும் ஒரு சொல்லே போதும். கலத்தில் செல்வார்க்கு அது போதாது.

சங்கச் சான்றோர் பாய்மரத்தைக் 'கூம்பு' என்றும், பாயை 'இதை' என்றும் வழங்கினர். புறநானூற்றின் 30ஆம் பாடல், கூம்பையும் 'மீப்பாய்' எனப்படும் மேற்பாயையும் களையாமலே ஆற்றுமுகத்தினுள் புகும் பெருங்கலம் ஒன்றைக் காட்டுகின்றது. மேற்பாய் எனப் பிரித்துக் கூறினமையின், ஒன்றுக்கு மேற்பட்ட பாய்களையுடைய கலங்களை அக்காலத்தார் அறிந்திருந்தனர் எனக் கொள்ளலாம். கலஞ் செலுத்துவோனை அகநானூறு 'நீகான்' என்னும்.

இனி, பிற்காலத் தோணிகளின் சொற்களைக் காண்போம். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி 'பருமல்'. பருமலையும் பாயையும் மரத்தின்மேல் ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்'. பாயின் கீழ்ப் பின்முனையிற் கட்டப்பெற்று, இழுத்தும் தளர்த்தியும் பாயைக் காற்றுக்கேற்பத் திருப்ப உதவுவது 'தாமான்'. கலத்தைப் பிணிக்கும் பருங்கயிறு 'ஆலாத்து'.

இச்சொற்களின் வரையறை வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. திடீரெனப் பெருங்காற்று மோதுமாயின், பாய் கொண்ட காற்றை உடனே வெளியேற்றல் வேண்டும். அதற்குத் தாமானைத் தளர்த்துவதே வழி. இருளிலும் இரைச்சலிலும் 'கயிற்றை விடு' எனக் கூவினால், எக்கயிறு என வினவுதற்குள் கலம் சாய்ந்துவிடும். ஆகவே, ஒரு கயிற்றுக்கு ஒரு பெயர் என்னும் முறை உயிர்காக்கும் முறையாயிற்று.

இச்சொற்களின் பிறப்பும் ஆராயத்தக்கது. பாரசீகத்தில் 'தாமன்' என்பது ஆடையின் கீழ்விளிம்பு. அதுவே பாயின் விளிம்பைப் பற்றும் கயிற்றுக்குப் பெயராயிற்று. 'சுக்கான்' அரபுச் சொல். 'மாலுமி' என்பதோ, கற்பிப்போன் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. இந்தியப் பெருங்கடலில் வழிகாட்டிக் கலஞ் செலுத்திய அறிஞரை அவ்வாறு அழைத்தனர். பாய், பாய்மரம் முதலியன தமிழ்ச் சொற்களாகவே நின்றன. ஒரே தோணியில் இருவகைச் சொற்களும் பூசலின்றிப் பணிபுரிந்தன. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற துறைகளின் வாணிக வரலாறு இக்கலப்பில் பதிந்துள்ளது. அயற்சொல் என ஒன்றை ஒதுக்கினால், அவ்வரலாற்றின் ஓர் ஏட்டையே கிழித்தவராவோம்.

தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டபின் பாய் சுருண்டது. பாயோடு சொல்லும் சுருண்டு வருகின்றது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இத்தகைய சொற்கள் பலவற்றைக் காத்தளித்தது. எனினும் அகராதி பொருளைத் தருமேயன்றி, ஆஞ்சானை இழுத்த கையின் அனுபவத்தைத் தாராது. அதனை அறிந்த முதியோர் கடற்கரை ஊர்களில் இருக்கும்போதே, ஊர்தோறும் வழங்கும் சொற்களைக் கேட்டு, பயன்பாட்டுடன் எழுதிவைத்தல் தமிழ் பயிலும் மாணவர்தம் கடனாகும். நெய்தல் திணையைப் பாடத்தில் கற்கும் நாம், நெய்தல் மாந்தரின் சொல்லை இழத்தல் தகுமோ?