ஐம்பது ரூபாய் ஆதாயம்

நம் பங்குக் குடும்பங்களில் இன்று இருசக்கர வண்டி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், சந்தைக்குச் சென்று வருவதற்கும், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் அதுவே நமக்குத் துணை. வண்டி ஓடும்வரை அதைப்பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நின்றுவிடும் நாளில்தான் உதிரி பாகக் கடையின் நினைவு நமக்கு வருகின்றது. அக்கடை வாசலில் நாம் படும் பாட்டைக் குறித்து இம்மாதம் சற்றுச் சிந்திப்போம். பிறர் குறையை மட்டும் எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. நம்முடைய குறையும் இதில் கலந்திருக்கிறது.

வாசலில் ஒரு மாலை

சென்ற ஆண்டு ஒருநாள் நம் வீட்டு ஸ்கூட்டரின் முன் பிரேக் சரிவரப் பிடிக்கவில்லை. 2017-இல் வாங்கிய வண்டி அது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "சார், பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, கேபிளும் நைந்திருக்கிறது. இரண்டையும் வாங்கி வாருங்கள்" என்று கூறி, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

கடைத்தெருவில் பெரிய கடை எதுவோ அதற்கே சென்றோம். வாசலில் ஒரு கூட்டம் நின்றது. மெக்கானிக்குகள் ஒருவர்பின் ஒருவராக வந்து, "அண்ணே, ஒரு கிளட்ச் பிளேட்", "அண்ணே, ஒரு ஆயில் சீல்" என்று உரிமையோடு கேட்டுப் பெற்றுச் சென்றனர். நாம் நீட்டிய தாளை எவரும் வாங்கவில்லை. இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்தபின் ஓர் இளைஞர் நம்மைப் பார்த்தார்.

"என்ன வண்டி சார்? என்ன வருஷம்?"

சொன்னோம்.

"ஒரிஜினலா, லோக்கலா?"

"ஒரிஜினல்தான் வேண்டும் தம்பி."

பரண்மேல் ஏறி இரண்டு உறைகளை எடுத்து வந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பில் போட்டால் 570 ரூபாய். பில் வேண்டாமென்றால் 520" என்றார்.

வாசகர்களே, இவ்விடத்தில் நாம் சற்றும் தயங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது ரூபாய் மிச்சம் என்ற மகிழ்ச்சியோடு, கைப்பேசி வழியே 520 ரூபாயைச் செலுத்திவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் மெக்கானிக் கேபிளைப் பொருத்த முயன்றார். அது சேரவில்லை. "இது 2019-க்குப் பிறகு வந்த வண்டிக்கு உரியது சார். உங்கள் வண்டிக்கு ஆகாது" என்றார். வேகாத வெயிலில் மீண்டும் கடைக்குச் சென்றோம். முந்திய நாள் நம்மிடம் பேசிய இளைஞர் நம்மை அடையாளம் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கல்லாவில் இருந்தவர் தலையை உயர்த்தாமல், சுவரிலிருந்த பலகையைச் சுட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அதில் எழுதியிருந்தது.

"வருடத்தைச் சொல்லித்தானே கேட்டோம்?" என்றோம்.

"பேக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களே. பில் இருக்கிறதா?"

பில் இல்லை. அதை வேண்டாம் என்று சொன்னவர் நாமே. வாய் திறவாமல் வெளியே வந்தோம்.

மற்றொரு கடை

அதே தெருவின் கோடியில் ஒரு சிறு கடை. அங்கே ஒரு பெண்மணி இருந்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பார்த்தார். "பழைய கேபிளைக் கொண்டு வந்திருக்கிறீர்களா ஐயா?" என்று கேட்டார். பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தோம். புதியதையும் பழையதையும் மேசைமேல் அருகருகே நீட்டிவைத்து, நீளத்தையும் இரு முனைகளையும் ஒப்பிட்டார். பில் எழுதி, "ஏழு நாள்களுக்குள் பில்லுடன் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம். மின்பாகங்களை மட்டும் வண்டியில் பொருத்தியபின் எடுப்பதில்லை" என்றும் சொன்னார். ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்தது. அன்பு, பொறுமை என்று பெரிய சொற்களை இங்கே கூற வேண்டியதில்லை. அப்பெண்மணி தம் தொழிலை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவே.

முதற்கடையில் வாங்கிய பிரேக் ஷூ மட்டும் வண்டியிலேயே இருந்தது. அது சரியாகப் பொருந்தியதால் நாம் அதை மறந்தே போனோம்.

பத்தொன்பதாம் நாள்

பத்தொன்பதாம் நாள் காலை, நம் துணைவியார் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தார். பேருந்து நிலையத்துக்கு அருகே வேகத்தைக் குறைக்கப் பிரேக்கைப் பிடித்ததும், முன் சக்கரம் திடீரென்று இறுகிக்கொண்டது. வண்டி சறுக்கி, இருவரும் சாலையில் விழுந்தனர். பின்னால் வந்த நகரப் பேருந்தின் ஓட்டுநர் விழிப்பாக இருந்தார். துணைவியாரின் முழங்காலில் மூன்று தையல். மகளின் உள்ளங்கை முழுவதும் சிராய்ப்பு. அத்துடன் போயிற்று.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பிரேக் ஷூ என்பது வளைந்த உலோகத் துண்டு. அதன்மேல் உராய்வைத் தாங்கும் லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். நல்ல தயாரிப்பில் அதை உரிய பசையிட்டு, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக ஒட்டுவார்கள். நம் வண்டியிலிருந்த ஷூவிலோ லைனிங் தட்டையாகப் பெயர்ந்து, டிரம்முக்குள் சிக்கிக் கிடந்தது. வீட்டிலிருந்த உறையைத் தேடி எடுத்துப் பார்த்தோம். புகழ்பெற்ற தயாரிப்பாளரின் பெயர்போலவே தோன்றியது. ஆனால் ஓர் எழுத்து மாறியிருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை. மாதமும் ஆண்டும் இல்லை.

உறையையும் உடைந்த ஷூவையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையாக அக்கடைக்குச் சென்றோம். காலில் கட்டுடன் துணைவியாரும் வந்தார். அன்று முதலாளியே கல்லாவில் இருந்தார், முதியவர். அவரும் முதலில் பில்லைத்தான் கேட்டார். கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவைக் காட்டினோம். நாளும் தொகையும் கடையின் பெயரும் அதில் இருந்தன. ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

"ஐயா, தெரிந்து நான் இதை விற்கவில்லை. வழக்கமான ஏஜென்டிடம் சரக்கு இல்லாதபோது வேறொருவரிடம் வாங்கினேன். விலை குறைவாக இருந்தது" என்றார்.

520 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தார். அதே உறைகள் அவர் தலைக்கு மேலேயே அடுக்கில் இருந்தன. துணைவியார் அவற்றைக் காட்டி, "இவற்றை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். முதலாளி அந்த இளைஞரை அழைத்து அவற்றை இறக்கச் சொன்னார். பதினோர் உறைகள் ஒரு சாக்குக்குள் சென்றன.

"விற்றுப்போனவை எத்தனை? வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க முடியுமா?" என்று கேட்டோம்.

அவர் இரு கைகளையும் விரித்தார். பில் இல்லை, ஆகையால் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை. ஐம்பது ரூபாய்க்கு இசைந்த நம்மைப் போன்றோர் எத்தனை பேரோ, அவர்களில் எவர் வீட்டு வண்டியில் அந்த ஷூ சுழன்றுகொண்டிருக்கிறதோ, அறிவார் இல்லை. அவர் ஆதாயம் பார்த்தார், நாமும் பார்த்தோம். விலை கொடுக்க நேர்ந்தது சிறுமிக்கு.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

உதிரி பாக வியாபாரம் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறுகின்றன. 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.வரையுள்ள புதிய இருசக்கர வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் பிடிக்கும் கூட்டு பிரேக் ஏற்பாடேனும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். ஏற்பாடும் கட்டாயமாயின. நமக்குக் கிடைத்த தவறான கேபிளின் கதை இதுவே. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகைவிதி வந்தபோது, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு ஏற்பாடு புகுந்தது.

சக்கர பேரிங்கை எடுத்துக்கொள்வோம். 6202, 6302 என்று இரு எண்கள். இரண்டிலும் உள்துளை 15 மில்லிமீட்டர்தான். ஆனால் முன்னதன் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டர், பின்னதற்கு 42. ஓர் இலக்கத்தைத் தவறாகச் சொன்னாலும் பொருள் பயன்படாது. இத்தகைய ஆயிரக்கணக்கான எண்களை, முறையான பயிற்சி ஏதுமின்றி, காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே வேலைசெய்யும் ஓர் இளைஞர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தாமே தவறான எண்ணைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டையிடுவோரும், மின்பாகத்தைப் பொருத்திக் கெடுத்தபின் திருப்பித் தருவோரும் உண்டு. 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகை அவ்வாறே தோன்றியிருக்கலாம். எனினும் நேர்மையானவரையும் அப்பலகையே தள்ளிவிடுகிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோரின் உரிமைகளை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1962 மார்ச் 15-இல் தம் நாட்டுக் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில் வகுத்துரைத்தார். பாதுகாப்புப் பெறும் உரிமை, செய்தி அறியும் உரிமை, தெரிந்தெடுக்கும் உரிமை, செவிசாய்க்கப்படும் உரிமை என்பன அவை. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24-இல் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

விற்ற பொருளுக்கு உரிய முறையில் பில் தராமையை இச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அக்கெடுவுக்குள்ளும், இல்லையேல் 30 நாள்களுக்குள்ளும் அதைச் செய்ய வேண்டும். சுவரிலுள்ள பலகை இதை மாற்றிவிடாது. போலிப் பொருளை விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் பொருள் நல்லதாயிருந்து, நாமே தவறாகக் கேட்டு வாங்கியிருப்பின், அதற்குக் கடைக்காரரைக் குறைகூற இயலாது.

"பில் போட்டால் வரி தனி" என்று சில கடைகளில் சொல்லக் கேட்கிறோம். உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியதே. அதற்கு மேல் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது.

முறையீடு செய்ய விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைச் செய்யலாம். வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஐந்து இலட்சம் ரூபாய்வரை விலையுள்ள பொருள்களுக்குக் கட்டணமும் இல்லை.

நாம் செய்யத் தக்கவை

கடைக்குச் செல்லுமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்ணைக் குறித்துவைப்போம். பழைய பாகத்தையும் உடன் கொண்டு செல்வோம். உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, விலை ஆகியவை உள்ளனவா என்று கடையிலேயே பார்ப்போம். பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்போம். புதிய பாகம் வண்டியில் ஏறிச் சரியாக இயங்கும்வரை உறையைக் கிழித்து எறியாதிருப்போம். குறைந்த விலையில் வேறு தயாரிப்பாளர் தம் சொந்தப் பெயரில் விற்கும் நல்ல பாகங்களும் உண்டு; அவற்றை வாங்குவதில் தவறில்லை. பிறர் பெயரைத் திருடிக்கொண்டு வருவதே போலி. பிரேக், டயர், ஸ்டியரிங் போன்று உயிரோடு தொடர்புடைய பாகங்களில் சிக்கனம் பாராதிருப்போம்.

கவுண்டருக்கு அப்பால் நிற்கும் இளைஞரையும் மரியாதையோடு நடத்துவோம். நாம் கூச்சலிட்டால் அவர் விரைவில் நம்மை அனுப்பிவிடவே பார்ப்பார். பொறுமையாக எண்ணைச் சரிபார்க்கமாட்டார்.

ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்லி முடிக்கிறோம். பணம் கைக்கு வந்ததும் நாம் அமைதியாகிவிட்டோம். அந்த 1915 எண்ணுக்குப் பேசி, போலிச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராயச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரங்கள் தாமதித்தபின், மகளின் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்த ஒருநாள்தான் அதைச் செய்தோம்.

அண்மையில் ஒரு விளக்குப் பல்பு வாங்கச் சென்றோம். கடைக்காரர் வழக்கம்போல், "பில் வேண்டுமா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகள் நம் முகத்தைப் பார்த்தாள். "வேண்டும்" என்றோம். அவர் பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, தாளைப் புரட்டி, எழுதத் தொடங்கினார்.