சில்லின் அளவா, சட்டத்தின் அளவா?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் வியாபாரிகள் இலேசில் மறக்கமாட்டார்கள். ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவானது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற அறிவிப்பும் வந்தது. பிறகு கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் கொடுத்தார்கள். கடைக்குப் போகவும் வரவும் அதுவே போதாது என்றிருக்க, சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி? நாடெங்கும் சைக்கிளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்த நேரம் அது. விலையைக் கேட்டே பலர் திரும்பிப் போனார்கள்.

அப்போது வாங்கியவர்களில் அநேகர் அளவு பார்த்து வாங்கவில்லை. கடையில் நின்ற வண்டியை, கிடைத்ததே போதும் என்று தள்ளிக்கொண்டு போனார்கள். 2023 செப்டம்பரில் கியூ.ஆர். முறை நீங்கியதும் அந்த சைக்கிள்களில் கணிசமானவை கொல்லைப்புறச் சுவரில் சாத்தப்பட்டுவிட்டன. காரணம் கேட்டால் "முழங்கால் நோகுது", "இடுப்பு பிடிக்குது" என்பார்கள். நாற்பது தாண்டினால் அப்படித்தான் என்று வயதின் மீது பழியைப் போடுவார்கள். பல நேரங்களில் குறை வயதில் இல்லை, சட்டத்தில்தான் இருக்கிறது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய பொருள் அளவு பிழைத்ததால் முடங்கிக் கிடப்பது வீண் நஷ்டம் என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைக்கு வருபவர் "26 சைக்கிள் ஒன்று தாங்க" என்று கேட்பார். அந்த 26 சில்லின் அளவு. ஆளுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது சட்டத்தின், அதாவது பிரேமின் அளவு. பெடல் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி இறங்கும் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளமே அது. 26 அங்குலச் சில்லுள்ள வண்டிகளில் 16 அங்குலச் சட்டமும் உண்டு, 20 அங்குலச் சட்டமும் உண்டு. பழைய ரலி வகைப் பெரிய சைக்கிள்களில் சில்லு 28 அங்குலம், சட்டம் 22 அல்லது 24. நம் வாப்பாமார் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெருவிரலால் பெடலை எட்டி மிதித்துக் காலம் தள்ளினார்கள். அவர்கள் ஓட்டினார்கள் என்பதற்காக அது பொருத்தமான அளவு என்று ஆகாது.

உங்கள் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகு ஒட்ட நில்லுங்கள். கால்களுக்கிடையில் அரை அடி இடைவெளி இருக்கட்டும். தடித்த அட்டையுள்ள கணக்குப் பேரேடு ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேல்நோக்கி அழுத்துங்கள். அதன் மேல்விளிம்பு தொடும் இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை சென்ரிமீற்றரில் அளந்தால் கிடைப்பது உங்கள் உட்கால் நீளம். ஆளின் உயரத்தை விட இதுவே முக்கியம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கலாம்.

மவுன்டன் வகை சைக்கிள் என்றால் அந்த நீளத்தை 0.57ஆலும், ரேஸ் வகை என்றால் 0.65ஆலும் பெருக்குங்கள். 5 அடி 5 அங்குல உயரமுள்ள கடைக்காரர் ஒருவரின் உட்கால் 75 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 0.57ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 43, அதாவது 17 அங்குலச் சட்டம். அதே மனிதர் 22 அங்குலச் சட்டமுள்ள பெரிய சைக்கிளை வாங்கினால், அதன் மேற்கம்பி தரையிலிருந்து 80 சென்ரிமீற்றருக்கு மேல் நிற்கும். பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி நிற்க அவரால் முடியாது.

இந்தக் கணக்கு ஓர் ஆரம்பம்தான். முடிவை வண்டியின் மேல் நின்றுதான் எடுக்க வேண்டும். மேற்கம்பிக்கு இரு பக்கமும் கால்போட்டு நிற்கும்போது கம்பிக்கும் உடம்புக்கும் இடையே சமதரையில் ஓட்டுபவருக்கு ஓர் அங்குலமாவது, கரடுமுரடான பாதையில் ஓட்டுபவருக்கு இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் பெரும்பாலும் சமதரை, இடைநிறுத்தாமல் மைல் கணக்கில் மிதிக்கலாம். மாத்தளை நகரம், உக்குவளை, இரத்தோட்டைப் பக்கமோ ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகவே இருக்கும். நகரத்தில் சரக்கு இறக்கும் லொறிக்குப் பின்னால் நின்று நின்று போக வேண்டும். ஏற்றத்தில் மூச்சு முட்டிச் சட்டென்று இறங்கும்போது கம்பி உயரமாக இருந்தால் விழுவது நிச்சயம். பின்னால் கெரியரில் அரிசி மூட்டையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே இரண்டு அளவுக்கு நடுவில் வருகிறவர், மலைப்பக்கத்தவராயின் சிறியதை எடுப்பதே புத்தி. சிறிய சட்டத்தில் சீட்டை உயர்த்தலாம். பெரிய சட்டத்தைக் குறைக்க வழியில்லை.

அதற்கும் எல்லை உண்டு. சீட் கம்பியில் இதற்கு மேல் இழுக்காதே என்று ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தினால் கம்பி வளையும், சட்டமே வெடிக்கவும் கூடும். கோட்டைத் தாண்டித்தான் கால் பொருந்துகிறது என்றால் சட்டம் உங்களுக்குச் சிறியது.

சீட்டின் உயரம் சரிதானா என்று பார்க்க, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். புதிதாக ஓட்டப் பழகுபவர்கள் பயத்தில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, இரு காலும் தரையில் படும்படி வைத்துக்கொள்வார்கள். முதல் வாரம் பரவாயில்லை, பிறகு உயர்த்திவிட வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் என்பது பொதுவான கணக்கு. தோளும் கையும் வலித்தால் ஹேண்டில் தூரமாக இருக்கிறது. இது சட்டத்தின் மேற்கம்பி நீளத்தோடு சம்பந்தப்பட்டது, ஓரளவுக்கு மேல் திருத்த முடியாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு விஷயம். சாரத்தோடும் ஜுப்பாவோடும் மேற்கம்பியைத் தாண்டிக் கால்போடுவது சிரமம். மேற்கம்பி இல்லாத, நாம் 'லேடீஸ்' என்று ஒதுக்கிவைத்திருக்கும் வண்டிதான் இதற்குத் தோதானது. மூட்டை ஏற்றுபவருக்கும் அதுவே வசதி. கூச்சப்பட இதில் என்ன இருக்கிறதோ! செயினுக்கு முழு மூடி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வளர்கிற பிள்ளைதானே என்று பாடசாலைச் சப்பாத்து வாங்குவது போல இரண்டு அளவு பெரிதாக எடுக்கிறோம். சப்பாத்து பெரிதானால் பஞ்சை வைக்கலாம். சைக்கிள் பெரிதானால் பிள்ளையின் விரல் பிரேக்கை எட்டாது.

இனி விற்பவர் பக்கம். சைக்கிள் கடை வைத்திருக்கும் சகோதரர்கள், ஒரே அளவில் பத்து வண்டி இறக்குவதை விட இரண்டு மூன்று அளவுகளில் கலந்து இறக்குவது நல்லது. கடைச் சுவரில் ஓர் அளவுக்கோடும் ஒரு டேப்பும் இருந்தால் செலவு ஒன்றுமில்லை. அளவையில் மோசம் செய்வோரைக் குறித்து சூரா முதஃப்பிஃபீன் எச்சரிப்பதை நாம் தராசோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறோம். நெட்டையான வண்டி விற்காமல் நிற்கிறது என்பதற்காக, "பழகினால் சரியாகிவிடும்" என்று குட்டையான மனிதரிடம் தள்ளிவிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை அனுமதிப்பதில்லை.

இதற்கு நம் பிக்ஹிலேயே வழி இருக்கிறது. பேசி முடிக்கும்போதே, திருப்பித் தரும் உரிமையை நிபந்தனையாக வைத்துக்கொள்வதை கியாருஷ் ஷர்த் என்பர். ஷாபிஈ மத்ஹபில் அதற்கு மூன்று நாட்கள் வரை இடமுண்டு. விபரத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு, "மூன்று நாளுக்குள் அளவு பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம், கீறல் இருக்கக் கூடாது" என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம். முதலில் ஒன்றிரண்டு வண்டி திரும்பி வரும். டேப் பிடித்து அளந்து விற்கத் தொடங்கிய பிறகு அதுவும் குறையும்.

பாவித்த சைக்கிள் வாங்குபவர்களுக்கு இந்த மூன்று நாள் கிடைப்பது அரிது. அவர்கள் டேப்பைக் கையோடு கொண்டுபோய், விலை பேசுமுன் சட்டத்தை அளந்து, சீட் கம்பியை வெளியே இழுத்து அந்தக் கோட்டையும் பார்த்துவிட வேண்டும். முன்பு ஓட்டியவர் நெட்டையராக இருந்து கம்பியை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தால், சீட் குழாயின் வாயில் மயிரிழை வெடிப்பு இருக்கும். பெயின்ட் பூசி மறைத்திருந்தாலும் விரலால் தடவினால் தெரியும்.