அரண்மனைப் பூசலும் அம்பலத் தீர்ப்பும்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது முன்னோர் வாக்கு. குடிசையாயினும் மாளிகையாயினும் மாமி மருமகள் மனத்தாங்கல், அண்ணன் தம்பி பிணக்கு, தந்தை மகன் வருத்தம் என்பன இல்லாத இல்லம் இவ்வுலகில் இல்லை. ஆயினும் நம்மவர் வீட்டுப் பிணக்கு மிஞ்சிப்போனால் அயலவர் வேலியோடு நின்றுவிடும். அரச குடும்பத்துப் பிணக்கு உலகத்தின் முற்றத்துக்கே வந்துவிட்டால் நிகழ்வது யாது? அதனைக் கேட்டிருக்கும் பொதுமக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? பிரித்தானிய அரச குடும்பத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அவ்விடையில் அரசர்க்கு மாத்திரமன்றி, நம்மைப் போன்ற சாதாரண குடும்பங்களுக்கும் ஒரு படிப்பினை உண்டு.

இரண்டு மணி நேரம்

2021ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில், பேட்டி காண்பதிற் பெரும் புகழ் பெற்ற ஒப்ரா வின்பிறியின் முன்னே இளவரசர் ஹரியும் அவர் மனைவி மேகனும் தோன்றினர். முந்திய ஆண்டிலேயே அரச கடமைகளிலிருந்து விலகிக் கலிபோர்னியாவிற் குடியேறியிருந்த தம்பதியர் அவர்கள். விளம்பரங்களோடு இரண்டு மணி நேரம் நீடித்த அந்நிகழ்ச்சியை அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பேர் கண்டனர். மறுநாள் இரவு ஐ.டி.வி. நிலையம் அதனைப் பிரித்தானியாவில் ஒளிபரப்பியபோது 1 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

மேகனின் தாயார் கறுப்பின அமெரிக்கர், தந்தையார் வெள்ளையர். தமக்கு முதற் குழந்தை பிறக்குமுன்னர், அதன் நிறம் எவ்வளவு கறுப்பாயிருக்குமோ என்று அரச குடும்பத்தவர் ஒருவர் ஹரியிடம் பேசியதாக மேகன் கூறினார். பேசியவர் யார் என்பதை இருவரும் வெளியிடவில்லை. 1972ஆம் ஆண்டு வரை நம் நாட்டுக்கும் அரசியாக விளங்கிய இரண்டாம் எலிசபெத்தோ, அவர் கணவர் எடின்பரோ கோமகன் பிலிப்போ அவ்வாறு பேசவில்லை என்று மட்டும் ஹரி பின்னர் தெரிவித்ததாக ஒப்ரா அறிவித்தார். தந்தையார் சார்ள்ஸ் ஒரு கட்டத்திலே தமது தொலைபேசி அழைப்புகளை ஏற்காதிருந்தார் என்றும், குடும்பத்தின் பண உதவி 2020இன் தொடக்கத்தில் நின்றுபோக, தாயார் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டே வாழ்ந்ததாகவும் ஹரி கூறினார்.

இவை யாவற்றினும் பாரமான சொல் ஒன்றும் அன்றிரவு கேட்டது. அரச குடும்பத்திற் புகுந்தபின், இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்னும் எண்ணம் தமக்கு உண்டாயிற்று என்றும், அதற்கு உதவி வேண்டி அரண்மனை நிருவாகத்தாரை நாடியபோது அது மறுக்கப்பட்டது என்றும் மேகன் கூறினார்.

கேட்டவர்கள் பிரிந்தனர்

மறுநாளே உலகம் இரண்டு கட்சியாயிற்று. அமெரிக்காவில் அனுதாபக் குரலே ஓங்கி ஒலித்தது. தமது மனநோவைப் பகிரங்கமாய்ச் சொல்வதற்குத் துணிவு வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் பேச்சாளரும் கூறினார். பிரித்தானியாவிலோ கருத்துக் கணிப்புகள் வேறொரு பிளவைக் காட்டின. இளைஞரிற் பெரும்பாலோர் தம்பதியர் பக்கமும், முதியோரிற் பெரும்பாலோர் அரசியார் பக்கமும் சாய்ந்தனர். தொண்ணூற்றொன்பது வயதான பாட்டனார் பிலிப் அப்போது வைத்தியசாலையிற் கிடந்தார். அத்தகைய வேளையிற் பேரன் இவ்வாறு பேசலாமா என்று முதியவர்கள் கேட்டனர். உயிர் போகும் வேதனையைச் சொல்ல நல்ல நேரம் பார்க்க வேண்டுமா என்று இளையவர்கள் கேட்டனர். ஒரே வீட்டில், ஒரே மேசையில், பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமும் நின்று வாதாடினர்.

பத்திரிகை உலகமும் கலங்கிற்று. பிரித்தானியப் பத்திரிகைகளில் நிறத்துவேஷம் இல்லை என்று பத்திரிகாசிரியர் சங்கம் ஓர் அறிக்கை விடுத்தது. பத்திரிகையாளர் பலரே அதனை எதிர்த்தெழவே, சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளர் பதவி துறந்தார். மேகன் சொன்னதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று கூறிய ஐ.டி.வி. காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பியர்ஸ் மோர்கன், மார்ச் 9ஆம் திகதி அந்நிகழ்ச்சியை விட்டு விலகினார். அவர் பேச்சுக் குறித்து ஒலி, ஒளிபரப்புகளை மேற்பார்வை செய்யும் ஒவ்கொம் சபைக்கு 57,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. அச்சபை அதுவரை காணாத தொகை அது. எனினும், பேச்சுரிமையைத் தடுத்தலாகாது என்று கூறி, செப்டெம்பர் மாதத்தில் அச்சபை நிலையத்தின்மீது குற்றமில்லை எனத் தீர்த்தது.

இத்துணை ஆரவாரத்துக்கும் அரண்மனை அளித்த மறுமொழி ஆங்கிலத்தில் அறுபத்தொரு சொற்களே. குடும்பம் முழுவதும் துயருறுகின்றது. நிறம் பற்றிய குற்றச்சாட்டு கவலைக்குரியது. நினைவுகள் ஆளுக்காள் வேறுபடலாம். எனினும் குடும்பத்துக்குள்ளேயே இது ஆராயப்படும் என்பது அதன் சாரம். இரண்டு நாட்களின் பின், பாடசாலையொன்றுக்குச் சென்ற மூத்த இளவரசர் வில்லியம், செய்தியாளரின் கேள்விக்கு, தமது குடும்பம் நிறத்துவேஷம் கொண்டதன்று என்று மறுத்துரைத்தார்.

முழுதும் மெய்யா, முழுதும் பொய்யா?

அம்பலத்திலே கூடியவர்களுக்கு இரண்டு தீர்ப்புகள்தாம் தெரிந்தன: அனைத்தும் மெய், அல்லது அனைத்தும் பொய். உண்மை அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. பகிரங்கத் திருமணத்துக்கு மூன்று நாள் முன்னரே தாங்கள் தனிமையில் மணம் செய்துகொண்டதாக மேகன் கூறியிருந்தார். சட்டப்படியான திருமணம் உலகறிய நடைபெற்ற 2018 மே 19ஆம் திகதியே நிகழ்ந்தது என்று, மணம் செய்துவைத்த கன்ரபரி அதிமேற்றிராணியார் பின்னர் திருத்தினார். மகனுக்கு இளவரசுப் பட்டம் கிடைக்காததும் பேட்டியில் மனக்குறையாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1917இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வகுத்த விதியின்படி, கொள்ளுப் பாட்டியார் அரசியாயிருக்கும்போது அக்குழந்தைக்கு அப்பட்டம் உரியதன்று. பாட்டனார் சார்ள்ஸ் 2022இல் அரியணை ஏறியபோதுதான் அவ்வுரிமை உண்டாயிற்று.

இவற்றைக் கண்டு, பார்த்தீர்களா, எல்லாம் புனைவுதான் என்றனர் ஒரு சாரார். அது நியாயமன்று. திகதியில் தவறியவர் துயரத்திலும் பொய்யுரைத்தார் என்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாத வாதம். மறுசாராரும் அவசரப்பட்டனர் என்பதை 2023 ஜனவரி காட்டியது. தமது குடும்பத்தை நிறத்துவேஷக் குடும்பம் என்று தாம் குற்றஞ்சாட்டவில்லை என்றும், தன்னையறியாத மனச்சாய்வு வேறு, துவேஷம் வேறு என்றும் மற்றொரு பேட்டியில் ஹரியே விளக்கினார். வழக்காளி வழக்கை விளக்கி முடிக்குமுன்னரே, அம்பலத்தார் தீர்ப்பெழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டனர். பிள்ளை பிறந்தவுடன் கறுப்போ வெள்ளையோ என்று வினவும் வழக்கம் நம் வீடுகளிலும் இல்லாததன்று. அவ்வினா ஒரு தாயின் நெஞ்சில் எங்கே தைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது, எந்தத் தீர்ப்பினும் பயனுடையதாகும்.

தாயார் அமர்ந்த நாற்காலி

ஹரியின் தாயாரும் இத்தகைய நாற்காலியொன்றில் அமர்ந்தவரே. 1994 ஜூன் மாதத்தில், தமது மணவாழ்வு சீர்செய்ய முடியாதபடி முறிந்த பின்னர் மனைவிக்கு உண்மையாயிருக்கவில்லை என்று சார்ள்ஸ் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் டயானா தம் பக்கத்தைச் சொன்னார். தமது மணவாழ்வில் மூன்றாமவர் ஒருவர் இருந்ததையும், தம்மை வாட்டிய நோயையும், தமது தவறையும் அவர் மறைக்கவில்லை. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பிரித்தானியர் அதனைக் கண்டனர். மக்களின் அனுதாபம் அவர் பக்கம் வெள்ளம்போற் பாய்ந்தது. அப்போது வில்லியத்துக்கு வயது 13, ஹரிக்கு 11.

அந்த அனுதாப வெள்ளம் குடும்பத்தைக் காக்கவில்லை. சில வாரங்களில், விவாகரத்துச் செய்துகொள்ளுமாறு அரசியார் இருவருக்கும் கடிதம் எழுதினார். 1996 ஓகஸ்ட் 28இல் மணமுறிவு நிறைவேறிற்று. மறு ஆண்டு ஓகஸ்ட் 31இல் பாரிஸ் நகரிலே கார் விபத்தில் டயானா உயிர் துறந்தார்.

பேட்டியின் பின்னணி இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. 2021 மே 20ஆம் திகதி வெளியான டைசன் பிரபுவின் விசாரணை அறிக்கை, பேட்டி கண்ட மார்ட்டின் பஷீர் பொய்யான வங்கிக் கணக்குத் தாள்களைச் செய்வித்து, டயானாவின் சகோதரரிடம் காட்டி, அவர் வாயிலாக டயானாவை அணுகினார் என்று கண்டது. அவ்வஞ்சனை இல்லாதிருப்பினும், நம்பிக்கைக்குரிய வேறொருவர் கேட்டிருந்தால் டயானா பேட்டியளித்திருக்கக்கூடும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பெற்றோரின் உறவை மேலும் கெடுத்த அப்பேட்டி இனி ஒருபோதும் ஒளிபரப்பாகலாகாது என்றார் வில்லியம். அதே தாயின் மற்றைய மகன் இரண்டு மாதங்களுக்கு முன்னரே தமது துயரத்தைத் தொலைக்காட்சியிற் சொல்லியிருந்தார். ஒரே துன்பத்திலிருந்து பிள்ளைகள் இருவர் இருவேறு பாடம் கற்றனர் போலும்.

தீர்ப்பு உண்டு, தீர்வு இல்லை

பேட்டிக்குப்பின் பிலிப் 2021 ஏப்ரல் 9ஆம் திகதியும், எலிசபெத் அரசியார் 2022 செப்டெம்பர் 8ஆம் திகதியும் மறைந்தனர். 2023இல் ஹரி தமது வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். அது முதல் நாளிலேயே பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. கேட்போரும் வாசிப்போரும் பெருகினர், குடும்பமோ கூடவில்லை. தந்தையார் தம்முடன் பேசுவதில்லை என்றும், தாம் சமாதானத்தையே விரும்புவதாகவும் 2025 மே மாதத்தில் ஹரி மீண்டும் ஒரு பேட்டியிற் கூறினார். அவ்வாண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, பத்தொன்பது மாதங்களின் பின், இலண்டனில் தந்தையும் மகனும் சந்தித்துத் தேநீர் அருந்தினர். ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த சந்திப்பு. அங்கே படப்பிடிப்புக் கருவி இல்லை. என்ன பேசினர் என்பதும் ஊருக்குத் தெரியாது. கோடிக்கணக்கானோர் கேட்ட இரண்டு மணி நேரம் செய்யாததை, எவரும் கேளாத அந்த ஒரு மணி நேரம் தொடங்கியேனும் வைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

அப்படியானால் துன்புற்றவர் வாய் மூடியிருத்தல் வேண்டும் என்பதா பாடம்? அன்று. வீட்டிலே கேட்க ஒரு காது இருந்தால் வீதியிலே சொல்ல ஒரு வாய் தேவைப்படாது. மருமகளாக வந்தவள் மனம் நொந்து ஒரு சொல் சொல்லும்போது, குடும்ப மானம் என்று கூறி அதனை அடக்கிவிடுவோர், அச்சொல்லை அழித்துவிடுவதில்லை, வெளியே அனுப்பிவைக்கின்றனர். அம்பலம் தீர்ப்பு வழங்கும். உறவை ஒட்டவைக்க அதனால் ஆகாது.

கேட்டிருப்போராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் குடும்பக் கதையைக் கேட்கும்போது, பாதியே கேட்டோம் என்னும் நினைவு வேண்டும். அதனினும் முக்கியமானது மற்றொன்று. உயிர் வாழ விருப்பமில்லாதிருந்தது என்று எங்கோ ஒரு பெண் சொல்ல, நாம் நம் வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு, நடிப்பு என்று நகைக்கின்றோம். அந்த நகைப்பு அவள் காதுக்கு எட்டப்போவதில்லை. ஆனால் அதே எண்ணத்தை நெஞ்சிற் புதைத்துக்கொண்டு நம் அருகிலேயே ஒரு மகளோ, மகனோ, மருமகளோ அமர்ந்திருக்கலாம். தாம் சொன்னாலும் இந்த வீடு இவ்வாறுதான் நகைக்கும் என்று அவர்கள் அன்றே அறிந்துகொள்வர். பின்னர் ஒருபோதும் வாய் திறவார். அரண்மனைக் கதையைக் கேட்கும் நம் முகத்தையே நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.